கேடயம் இருந்தும் மௌனமா?

காரைக்காலில் ஓட்டுக் கேட்டு வந்தவர்களில் "சட்டசபையில் உங்கள் குரலாக ஒலிப்பேன்" என்று சொல்லாதவர் ஒருவரும் இல்லை. நெடுங்காட்டிலும் திருநள்ளாற்றிலும் நடவு வயல் வரப்பில் நின்று சொன்னார்கள். நிரவியிலும் திருமலைராயன்பட்டினத்திலும் மீனவர் தெருவில் சொன்னார்கள். மில் கேட்டில் ஷிப்டு மாறும் நேரம் பார்த்து வந்து சொன்னார்கள். நாமும் நம்பினோம். ஓட்டுப் போட்டு, 130 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள புதுச்சேரி சட்டசபைக்கு அனுப்பி வைத்தோம்.

நம் குரல் அங்கே ஒலித்ததா?

ஆளும் கட்சிக்காரரிடம் நாம் இதைக் கேட்கவில்லை. அவர் ஏன் பேசவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். நாற்காலியில் இருப்பவனுக்கு நாற்காலியைப் பற்றித்தான் கவலை. நாம் கேட்பது எதிர் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களை. ஆட்சியைத் தட்டிக் கேட்பதற்கென்றே அந்த வரிசை இருக்கிறது. அந்த வரிசையும் வாயை மூடிக் கொண்டால் அப்புறம் சட்டசபை எதற்கு?

ஒரு சட்டத்தை வாசகர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகிய பகுதிகளுக்குச் சட்டசபை தந்தது யூனியன் பிரதேச அரசாங்கச் சட்டம், 1963. சபைக்குள் ஒரு மெம்பர் பேசிய பேச்சுக்காக எந்தக் கோர்ட்டிலும் அவர் மீது வழக்குப் போட முடியாது என்று அந்தச் சட்டமே பாதுகாப்பு அளிக்கிறது. இது சாமான்யமான கேடயமல்ல. மில் தொழிலாளிக்கு இந்தக் கேடயம் கிடையாது. கேட்டில் நின்று ஒரு வார்த்தை பேசினால் மறுநாள் சார்ஜ் மெமோ வரும். விவசாயத் தொழிலாளிக்கும் கிடையாது. கூலி போதாது என்று சொன்னால் அடுத்த நடவுக்கு அவளைக் கூப்பிட மாட்டார்கள். கேடயமில்லாத இவர்கள் தினமும் பேசுகிறார்கள். கேடயமுள்ளவர்கள் தயங்குகிறார்கள்!

கேடயமில்லாமல் பேசியவர்களின் சரித்திரம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. 1936-ம் வருஷம் ஜூலை 30-ந் தேதி புதுச்சேரி சவானா மில்லில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு சர்க்காரின் போலீஸ் சுட்டது. 12 தொழிலாளர்கள் உயிர் நீத்தனர். அவர்கள் கேட்டது என்ன? எட்டு மணி நேர வேலை, சங்கம் வைக்கும் உரிமை. அவ்வளவுதான். அந்த ரத்தம் வீண் போகவில்லை. வ. சுப்பையாவும் தோழர்களும் அந்தக் கோரிக்கையைப் பாரிஸ் வரை கொண்டு போனார்கள். 1937 ஏப்ரலில் பிரெஞ்சு இந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. துப்பாக்கிக்கு முன்னால் வாய் திறந்தவர்கள் பெற்றுத் தந்தது அது. இன்று மைக்குக்கு முன்னால் வாய் திறக்க ஏன் நடுக்கம்?

மௌனத்துக்கு என்ன விலை கொடுத்தோம் என்று பார்ப்போம்.

புதுச்சேரி சட்டசபையில் மக்கள் தேர்ந்தெடுக்கும் மெம்பர்கள் 30 பேர். அதில் காரைக்காலுக்கு ஐந்து இடம். இவர்களுக்கு மேல் மூன்று பேரை மத்திய சர்க்கார் நியமிக்கலாம். ஒரு ஓட்டும் வாங்காமல் சபையில் உட்காரலாம்! 2017 ஜூலையில், மாநில மந்திரி சபையைக் கேட்காமலே டில்லி மூன்று பேரை நியமித்தது. மூவரும் பாரதிய ஜனதாக் கட்சிக்காரர்கள். அப்போதைய லெப்டினன்ட் கவர்னர் கிரண் பேடியே அவர்களுக்குப் பிரமாணம் செய்து வைத்தார். 2018 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் அந்த நியமனம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

அன்றைய எதிர் வரிசைக்கு அப்போது உள்ளூர மகிழ்ச்சி. அடிபட்டது காங்கிரஸ் மந்திரி சபைதானே, நமக்கென்ன என்று இருந்துவிட்டார்கள். விளைவு? 2021 பிப்ரவரியில் ஆளும் தரப்பு மெம்பர்கள் வரிசையாக ராஜினாமா செய்தார்கள். பிப்ரவரி 22-ந் தேதி நம்பிக்கை ஓட்டு வந்தது. மக்கள் தேர்ந்தெடுத்தவர்களை மட்டும் எண்ணினால் சபாநாயகர் உட்பட ஆளும் தரப்பு 12, எதிர்த் தரப்பு 11. நியமன மெம்பர் மூவரையும் சேர்த்தால் எதிர்த் தரப்பு 14! மந்திரி சபை கவிழ்ந்தது.

அந்த மந்திரி சபை நல்லதா கெட்டதா என்பது வேறு விஷயம். அதன் குறைகளை நாம் அறிவோம். ஏ.எப்.டி. மில்லை 2020 ஏப்ரல் 30-ந் தேதியோடு மூடியது அதே ஆட்சிதான். அதைத் தூக்கி எறிய வேண்டுமானால் அந்த உரிமை ஓட்டுப் போட்ட மக்களுக்குத்தான் உண்டு. டில்லியிலிருந்து வந்த மூன்று சீட்டுகளுக்கு அந்த உரிமையை யார் கொடுத்தது? எதிராளியின் வீட்டுக் கூரையில் நெருப்புப் பிடித்ததைப் பார்த்துச் சிரித்தவர்கள், காற்று தங்கள் கூரைப் பக்கமும் வீசும் என்பதை மறந்தார்கள். 2021 தேர்தலுக்குப் பிறகு, புதிய முதல் மந்திரி பதவி ஏற்ற அதே மே மாதத்தில், டில்லி திரும்பவும் மூன்று பேரை நியமித்தது. மூவரும் திரும்பவும் பாரதிய ஜனதாக் கட்சிக்காரர்களே. கொள்கைக்காகப் பேச வேண்டிய வேளையில் கட்சிக் கணக்குப் பார்த்தால் இதுதான் கதி.

அடுத்தது அரிசி. இது நம் வயிற்றுப் பிரச்சினை.

2015 செப்டம்பரில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் தானியத்துக்குப் பதிலாக வங்கியில் பணம் போடும் சோதனையை மத்திய சர்க்கார் துவக்கியது. சோதனைக்கு அகப்பட்டவை சண்டிகரும் புதுச்சேரியும். மாநில சர்க்காரின் இலவச அரிசியும் பிறகு தகராறில் சிக்கியது. மந்திரி சபை அரிசி என்றது. கவர்னர் மாளிகை பணம் என்றது. 2019 பிப்ரவரியில் இந்தக் கோரிக்கையையும் சேர்த்துக் கொண்டு முதல் மந்திரி நாராயணசாமியே கறுப்புச் சட்டை அணிந்து கவர்னர் மாளிகை வாசலில் உட்கார்ந்தார். 2020-ல் ஐகோர்ட்டும் பணம் என்ற பக்கமே தீர்ப்புச் சொன்னது. ரேஷன் கடைகள் பூட்டிக் கிடந்தன. கடை ஊழியர்கள் மாதக் கணக்கில் சம்பளமின்றித் தவித்தார்கள்.

பணம் கொடுத்தால் என்ன, அரிசி கொடுத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் கூலிக்காரர் வீட்டு உலையைப் பார்த்ததில்லை. கடையில் அரிசி விலை ஏறினால் வங்கியில் விழும் பணம் ஏறுமா? பணம் விழுந்தது தெரிந்தால் கடன்காரன் வாசலில் நிற்க மாட்டானா? அரிசி வீட்டுக்கு வந்தால் குழந்தையின் தட்டுக்குப் போகும். பணம் வந்தால் எங்கெங்கோ போகும். நம் தாய்மார்கள் இதைப் பொருளாதாரம் படித்துத் தெரிந்து கொள்ளவில்லை. அடுப்படியில் தெரிந்து கொண்டார்கள்.

2021-ல் எதிர் வரிசையில் இருந்தவர்கள் ஆளும் வரிசைக்கு மாறினார்கள். கடை உடனே திறந்ததா? இல்லை. மேலும் மூன்று வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் ஆளும் கூட்டணியின் வேட்பாளர், அவரே மாநில உள்துறை மந்திரியாக இருந்தும், தோற்றார். ஓட்டுக் கேட்டு வந்தவர்களிடம் ரேஷன் கடை எங்கே என்று பெண்கள் நேருக்கு நேர் கேட்ட தேர்தல் அது. அதே ஆண்டு அக்டோபரில் தீபாவளிக்கு முன்னால் கடைகள் திறந்து அரிசி வழங்க ஆரம்பித்தார்கள்! வேட்டி சட்டை போட்டு சபைக்குப் போனவர்கள் வருஷக் கணக்கில் பேசிச் சாதிக்காததை, இடுப்பில் குழந்தையோடு தெருவில் நின்ற பெண்கள் கேட்டுச் சாதித்தார்கள்.

மூன்றாவது, பஞ்சாயத்து. புதுச்சேரி மாநிலத்தில் 1968-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் 2006-ல். இடையில் 38 வருஷம்! 2006-ல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2011-ல் முடிந்தது. காங்கிரஸ் ஆட்சி வந்தது, போயிற்று, என்.ஆர். காங்கிரஸ் ஆட்சி வந்தது. தேர்தல் மட்டும் வரவில்லை. 2021-ல் தேதி அறிவித்தும் வழக்கு, இடஒதுக்கீட்டுத் தகராறு என்று நின்று போயிற்று. காரைக்கால் நகராட்சியும் திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம் கொம்யூன்களும் அதிகாரிகளின் கையில் விடப்பட்டன. தெருக் குழாய்க்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் மனுவைத் தூக்கிக் கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைவது நம் தலையெழுத்தாயிற்று.

இதில் ஆளும் கட்சியையும் எதிர்க்கட்சியையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை என்பதை வருத்தத்துடன் சொல்கிறோம். எம்.எல்.ஏ. சிபாரிசு செய்தால்தான் தெருவுக்கு விளக்கு வரும் என்ற நிலை இருந்தால் எம்.எல்.ஏ.வுக்கு வசதி. வார்டு மெம்பர் என்று ஒருவர் முளைத்தால் அந்த மவுசு குறைந்து போகும். ஆகவே இரு தரப்பிலும் அவசரமில்லை. மாநில அந்தஸ்து வேண்டும், டில்லி எங்களுக்கு அதிகாரம் தர வேண்டும் என்று சட்டசபை பத்துத் தடவைக்கு மேல் தீர்மானம் போட்டிருக்கிறது; 2023 மார்ச்சிலும் ஏகமனதாகப் போட்டது. நியாயமான கோரிக்கைதான். நாமும் ஆதரிக்கிறோம். ஆனால் டில்லியிடம் அதிகாரம் கேட்கிற கை, கொம்யூனுக்கு அதிகாரம் கொடுக்க ஏன் நீளவில்லை? இந்தக் கேள்வியைச் சபைக்குள் விடாமல் கேட்பதல்லவா எதிர்க்கட்சியின் வேலை?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023 அக்டோபரில் நெடுங்காடு தனித் தொகுதியின் பிரதிநிதி, நாற்பது வருஷங்களுக்குப் பிறகு மாநிலத்தில் மந்திரியான பெண், பதவி விலகல் கடிதம் எழுதினார். சாதிப் பாகுபாட்டையும் பெண் என்ற பாகுபாட்டையும் தாம் சந்தித்ததாக அதில் பகிரங்கமாகச் சொன்னார். அவரை முன்பே நீக்கிவிட்டோம் என்றது ஆளும் தரப்பு. யார் முந்திக் கொண்டார்கள் என்பதுதானா பிரச்சினை? மந்திரி நாற்காலியில் இருந்தவருக்கே இப்படி என்றால் வயலில் குனிந்து நிற்கிற நம் சகோதரிக்கு என்ன பாதுகாப்பு? ஆளும் அணியைச் சேர்ந்த ஒரு பெண் அவ்வளவு தூரம் சொல்லத் துணிந்தார். அரசியல் ஆதாயம் தேடாமல், சபையில் அந்தக் குற்றச்சாட்டைக் கடைசி வரை விசாரிக்க வைக்கும் துணிவு எதிர் வரிசைக்கு வர வேண்டும்.

எதிர்க்கட்சியினர் பேசவே இல்லையா என்று கேட்கலாம். பேசுகிறார்கள். சிலர் நன்றாகவே பேசுகிறார்கள், அவர்களைப் பாராட்டுகிறோம். அவர்களுக்குள்ள சங்கடமும் தெரியும். எண்ணிக்கை குறைவு. மைக் அணைந்து போகும். காவலர்களை விட்டு வெளியே தூக்கிக் கொண்டு போவதும் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை சபை கூட வேண்டும் என்ற விதியை நிறைவேற்ற ஒரு நாள் கூட்டம் கூட்டி, நிமிடக் கணக்கில் முடித்த நாட்களும் உண்டு. இவ்வளவும் உண்மை.

ஆனால் இதற்குப் பதில் வெளிநடப்பு மட்டும்தானா? மணி பத்துக்கு உள்ளே போய், பத்தே காலுக்கு வெளியே வந்து, படியில் நின்று பேட்டி கொடுத்துவிட்டு, பதினோரு மணிக்குக் காரில் ஏறினால் ஆளுகிறவர்களுக்கு என்ன நஷ்டம்? அவர்களுக்கு அது சௌகரியம். கேள்வி கேட்பவர் இல்லாத சபையில் மானியக் கோரிக்கைகள் மடமடவென்று நிறைவேறும். தப்பு நடந்த நாளில் வெளியே போவது எதிர்ப்பு. தினமும் வெளியே போவது ஒத்துழைப்பு!

எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு உதாரணம் வேண்டுமா?

1957 டிசம்பரில் பார்லிமெண்டில் பெரோஸ் காந்தி எழுந்தார். பிரதமர் நேருவின் மருமகன். ஆளும் காங்கிரசின் மெம்பர். ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் கார்ப்பரேஷன் பொது மக்கள் பணத்தை எடுத்து முந்திரா என்ற முதலாளியின் கம்பெனிப் பங்குகளில் போட்டது ஏன் என்று கேட்டார். கூச்சல் போடவில்லை. தேதியும் தொகையும் வைத்துக் கொண்டு கேட்டார். நீதிபதி சாக்ளா விசாரித்தார். 1958 பிப்ரவரியில் நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா செய்தார். ஆளும் வரிசையில் உட்கார்ந்தவருக்கே அவ்வளவு தைரியம் இருந்தால், எதிர் வரிசைக்கு எவ்வளவு இருக்க வேண்டும்?

நம் வாய்க்காலுக்கு அக்கரையிலேயே இன்னொரு உதாரணம். 1952 பொதுத் தேர்தலில் சென்னை சட்டசபைக்கு 62 கம்யூனிஸ்டுகள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். பி. ராமமூர்த்தி சிறையில் இருந்தபடியே ஜெயித்தார். அதற்கு முன்பே 1940-களில் பி. சீனிவாசராவும் தோழர்களும் தஞ்சைக் கிராமங்களில் பண்ணையாள்களைச் சங்கமாகத் திரட்டியிருந்தார்கள். வயலில் செங்கொடி, சபையில் கேள்வி. இரண்டும் சேர்ந்து நெருக்கியதில் ராஜாஜி சர்க்கார் அதே 1952-ல் தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. நினைத்தபோது வெளியேற்றும் மிராசுதாரின் கைக்கு ஒரு கட்டு விழுந்தது. அப்போது காரைக்கால் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தது. அந்தச் சட்டம் எல்லைக் கல்லோடு நின்றது. கேட்க ஆள் இருந்த ஊருக்குச் சட்டம் வந்தது. கேட்க ஆள் இல்லாத ஊருக்கு வரவில்லை. இந்தப் பாடத்தைக் காரைக்கால் மறக்கலாமா?

மின்சார இலாகாவின் கதையும் இதையே சொல்கிறது. 2022 செப்டம்பர் கடைசியில் புதுச்சேரி மின் விநியோகத்தைத் தனியாருக்கு விற்க டெண்டர் விட்டார்கள். முதலில் எழுந்தவர்கள் யார்? கம்பத்தில் ஏறுகிற ஊழியர்கள். வேலைநிறுத்தம் செய்தார்கள், கைதானார்கள். அரசியல் கட்சிகள் பின்னால் வந்தன. தொழிலாளி முன்னே, பிரதிநிதி பின்னே! வண்டிக்குப் பின்னால் மாட்டைக் கட்டினால் வண்டி எப்படி ஓடும்?

ஆகவே எதிர் வரிசையில் எந்தக் கட்சி உட்கார்ந்தாலும் அதனிடம் நாம் கேட்பது இதுதான்:

சபையை விட்டு வெளியேறாதீர்கள். சபை நாட்களை அதிகமாக்கச் சொல்லிப் போராடுங்கள். கூச்சலோடு நிறுத்தாமல், தேதியும் தொகையும் வைத்துக் கேளுங்கள். ஓட்டெடுப்புக் கேளுங்கள், யார் எந்தப் பக்கம் நின்றார் என்பது பதிவாகட்டும். காவிரித் தீர்ப்பில் புதுச்சேரிக்கு, அதாவது காரைக்கால் கடைமடைக்கு, 7 டி.எம்.சி. என்று 2007-ல் நடுவர் மன்றம் சொன்னது; 2018-ல் சுப்ரீம் கோர்ட் அதை அப்படியே வைத்தது. அரசலாற்றிலும் நாட்டாற்றிலும் எந்த மாதம் எவ்வளவு வந்தது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டு வாங்குங்கள். தண்ணீர் வரவில்லை என்றால் நடவு இல்லை. நடவு இல்லை என்றால் கூலி இல்லை. நியமன மெம்பருக்கு ஓட்டுரிமை கூடாது என்று சொல்லுங்கள். நாளை அந்த மூவர் உங்கள் பக்கம் வந்தாலும் அதையே சொல்லுங்கள். கொம்யூன் தேர்தலைக் கேளுங்கள். கூட்டம் முடிந்ததும் தொகுதிக்கு வந்து, என்ன கேட்டோம், என்ன பதில் வந்தது என்று மக்கள் முன் கணக்குச் சொல்லுங்கள்.

நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2016 தேர்தலிலும் 2021 தேர்தலிலும் இடதுசாரிக் கட்சிகளுக்குப் புதுச்சேரி சட்டசபையில் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. சுப்பையா அமர்ந்து வாதாடிய சபை அது! சபையில் இடமில்லை என்பதால் பிறரைக் குறை சொல்லும் உரிமை மட்டும் நமக்கு மிச்சமிருக்கிறது என்று எண்ண வேண்டாம். கூட்டணி தர்மம் என்று சொல்லி நாமும் பல இடங்களில் குரலைத் தாழ்த்தினோம். நேச கட்சி ஆளும்போது மில் மூடினால் மெதுவாகவும், எதிர்க் கட்சி ஆளும்போது மூடினால் உரக்கவும் பேசினால் தொழிலாளி நம்ப மாட்டான். அவனுக்கு இரண்டும் ஒரே பூட்டுத்தான்.

கடைசியாக வாசகர்களுக்கு. பிரதிநிதியின் தைரியம் அவருடைய நெஞ்சிலிருந்து மட்டும் வருவதில்லை. அவருக்குப் பின்னால் நிற்பவர்களின் எண்ணிக்கையிலிருந்தும் வருகிறது. ஓட்டுப் போட்ட மறுநாள் நாம் வீட்டுக்குப் போய்விட்டால் அவரும் வீட்டுக்குப் போய்விடுவார். ஆகவே உங்கள் எம்.எல்.ஏ. ஊருக்கு வரும்போது கல்யாணப் பத்திரிகையோடு மட்டும் போகாதீர்கள். சங்கத்தில் பத்துப் பேர் சேர்ந்து போங்கள். மரியாதையாக உட்கார வைத்து, "ஐயா, போன கூட்டத்தில் எங்களுக்காக என்ன கேட்டீர்கள்?" என்று கேளுங்கள். ஒரு தடவை பதில் இருக்காது. இரண்டாம் தடவை கோபம் வரும். மூன்றாம் தடவை அவர் சபையில் எழுந்து நிற்பார்.

சவானா மில் வாசலில் விழுந்த 12 பேருக்குக் கேடயம் இருக்கவில்லை. அவர்கள் பேசினார்கள். இன்று கேடயத்தைக் கையில் பிடித்திருப்பவர்களே, பேசுங்கள்! பேசாவிட்டால் பேச வைப்போம்!